மிச்சப் பெட்டிகள்

கொட்டுமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். விலை அதற்குப் பிறகு. நாய் வாங்க வந்தவன் கடிக்குமா என்று கேட்பது போல. கொட்டும் என்றால் நான் வேடிக்கை பண்ணுவதாக நினைத்துச் சிரிக்கிறார்கள், கொட்டாது என்றால் நம்புவதில்லை, அதனால் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை, அவர்களே விலைக்கு வந்துவிடுவார்கள். ஜஸ்டஸ் மட்டும் அதைக் கேட்கவில்லை. தேனீப்பெட்டி எத்தனை இருக்கு அண்ணாச்சி என்று போனில் கேட்டான், நாலு மிச்சம் கிடக்கு என்றேன், எவ்வளவு என்றான், ஐயாயிரம் என்றேன், ஒரு பெட்டிக்கா என்றான், ஒரு பெட்டிக்கு என்றேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பழகிவிட்டது. எதிராளி மூச்சை இழுப்பது கேட்கும், பிறகு ஒரு சிரிப்பு, பிறகு யோசிச்சுட்டு விளிக்கேன் என்று வைத்துவிடுவார்கள், நானும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். ஜஸ்டஸ், சரி அண்ணாச்சி, சனிக்கிழம சாயங்காலம் வண்டி கொண்டு வாறேன், என்றான். இன்றைக்குச் சனிக்கிழமை.

துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் பெய்த மழை விட்டு, பலா இலையிலிருந்து இன்னும் சொட்டுகிறது, வெயில் வந்ததும் எல்லாப் பெட்டி வாசலிலும் ஒரே நேரத்தில் கூட்டம். எட்டுப் பெட்டி மதிலை ஒட்டி வரிசையாக, ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பிக்காலில், காலடியில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம். இந்த நேரத்தில் புது ஈக்கள் வெளியே வரும். வேலைக்கு அல்ல, இடம் பழக. வாசலைப் பார்த்த முகத்தோடு பின்னால் பின்னால் மிதந்து போகும், இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், திரும்ப உள்ளே. மதில், பலாமரம், கிணற்றுச் சக்கரம், இந்தக் கல், இதன்மேல் உட்கார்ந்திருக்கும் வழுக்கைத்தலை, எல்லாம் அதற்கு வழி. ஒரு தடவை பழகிவிட்டால் பிறகு அதை மறக்கச் சொல்ல முடியாது. இன்று வெளியே வந்து பழகுகிற ஈ நாளைக்கு யாருடைய மதிலைப் பார்க்கும் என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்க அலுப்பாக இருந்தது. முழங்கால் கல்லின் ஈரத்துக்கு வலிக்கிறது. எழுந்து உள்ளே போகலாம். உள்ளே போனால் மேபல் இருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று இல்லை, அவள் காலையிலிருந்து ஏதோ ஒரு வேலையில் இருக்கிறாள், பக்கெட்டுகள் நகர்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம். சன்னல் மூடியிருப்பதால் சத்தம் மட்டும்தான் வருகிறது.

அந்தச் சன்னல் ஏப்ரலில் மூடியது. மூடிய சன்னலின் வெளிப்பக்கம் தூசி ஒரு நிறமாகிவிட்டது, மழை அதில் கோடு போட்டிருக்கிறது. அன்றைக்கு மேபல் இங்கேதான் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள், பலாவிலிருந்து கிணற்றுத்தூண் வரை கொடி கட்டியிருந்தது, நான் மூன்றாவது பெட்டியைத் திறந்து தேன் அறையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ அவள் தலைமுடியில் காதுக்கு மேல் சிக்கிக் கொட்டிவிட்டது. அவளுக்கு அது புதிது அல்ல, எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறது, சுண்ணாம்பு தடவிக்கொண்டு திட்டிக்கொண்டே போவாள். அன்று திட்டவில்லை. உள்ளங்கை அரிக்குது என்றாள். நான் புகைப்பானை ஊதிக்கொண்டே, கழுவு, என்றேன். கழுவு என்றேன். பிறகு பின்னாலிருந்து யாரோ வேதமுத்து என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது, யார் இப்படிப் பெயர் சொல்லி, என்று. திரும்பினால் மேபல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, இஞ்ச பாருங்க, கேட்டியளா, அவ்வளவுதான். உதடு இரண்டும் வீங்கி வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. குரலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே, அடுத்த வட்டம் கொட்டினா இஞ்ச வந்து சேர நேரம் இருக்காது அங்கிள், என்றாள், வீட்டுப்பக்கத்தில எங்கயாவது கூடு இருந்தா எடுத்துருங்க, என்றாள். எங்கயாவது. சரி என்றேன். வீட்டில் வளர்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மேபலும் சொல்லவில்லை. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வித்துருங்க என்று அவள் சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம். சண்டையில் நான் தோற்றிருப்பேன், தோற்றுவிட்டு விற்றிருப்பேன். அவள் சொல்லவில்லை. சன்னல்களுக்குக் கொசுவலை அடித்து, அதற்கு மேல் கதவையும் மூடினாள். பின்வாசல் இடுக்கில் பழைய பாவாடையைச் சுருட்டி வைத்தாள். துணியெல்லாம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே காய்கிறது, காய்கிறதா, பாதி காய்ந்து நாறுகிறது, என் சட்டையிலும் அந்த வாடை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் கொஞ்சம் தள்ளி உட்காருகிறான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு முதல் ஆராதனைக்கே போய்விடுகிறாள், வெயில் ஏறி ஈ பறக்கும் முன்னால், முன்வாசல் வழியாக, முக்காடு போட்டு. போகும்போது பின்பக்கம் பார்ப்பதுகூட இல்லை. நான் கண்ணாடிக்கடையை விட்ட பிறகு வேறு என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷம் அடுத்தவன் கண்ணுக்கு லென்ஸ் தேய்த்தவன், இப்போது அடை கட்டிய சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து அறையின் அடியில் முட்டை நிற்கிறதா என்று பார்க்கிறேன், அரிசிக்குருணையில் நாலில் ஒரு பங்கு, அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ஏதோ சரியாக இருக்கிறது என்று தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பொழுதுபோக்கு என்பார்கள், நல்ல பொழுதுபோக்குதான் என்பார்கள்.

அப்போது நாலு பெட்டிதான் இருந்தது. எட்டானது போன மாதம். ஆடியில் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றிய கூட்டமெல்லாம் ஐப்பசியில் பெருத்துவிட்டது, அடையின் ஓரத்தில் ராணி அறை தொங்க ஆரம்பித்துவிட்டது, இரண்டாகப் பிரிக்காவிட்டால் பாதிக் கூட்டம் கிளம்பிப் போய் பலாவில் தொங்கும், அது மேபலுக்கு இன்னும் ஆபத்து இல்லையா, அதனால்தான் பிரித்தேன். அதனால்தான். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். பிரிக்காமல் அப்படியே பெட்டியோடு கொடுத்திருக்கலாம், ஐப்பசியில் வாங்க ஆள் வரிசையில் நிற்பான், தை மாதம் ரப்பர் தளிர்த்துவிட்டால் தேன். நான் பிரித்தேன். நாலு புதுப் பெட்டி ஆசாரியிடம் சொல்லி அடித்து வாங்கினேன், அந்தப் பலகை வாசனையை மேபல் முகர்ந்திருப்பாள், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எட்டு ஆனதும், நாலு மிச்சம் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. மிச்சத்தைக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்பது போல. யாருடைய கணக்கு. ஏப்ரலில் நாலு, இப்போதும் நாலு, நான் ஒன்றும் கூட்டவில்லை பார், என்று யாருக்குக் காட்ட. ஊரில் கூட்டத்தோடு பெட்டி இரண்டாயிரத்து ஐந்நூறு. நான் ஐயாயிரம் என்றேன். மேல்புறம் ஊரிலிருந்து வந்த ஒரு கிழவர் கல்லில் இதே இடத்தில் உட்கார்ந்து, ராணிக்குத் தங்கச் சங்கிலி வல்லதும் போட்டிருக்கீரா வேதமுத்து, என்றார். சிரித்தேன். அடுத்தவன், ஐயாயிரத்துக்கு ஒவ்வொரு ஈக்க பேரும் சொல்லித் தருவியளா, என்றான். அதற்கும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு உள்ளே போய், ஒத்துவரல்ல என்பேன். மேபல் உம் என்பாள். யாரும் தராத விலையைச் சொல்வதும் விற்கமாட்டேன் என்று சொல்வதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. கடைத்தெருவில் மீன்காரியிடம் அவள் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பெட்டி இரைகிறது. பக்கத்துப் பெட்டி ஈ ஒன்று வாசல் மாறி இறங்கிவிட்டது போல, காவல் ஈக்கள் அதைப் பிடித்து உருட்டுகின்றன. முசுட்டுக் கூட்டம். அன்றைக்கு வந்தது இதிலிருந்துதான் என்று எனக்குத் தெரியும், தேனும் இதில்தான் அதிகம், முசுடுகள்தான் சுமந்துகொண்டு வரும். ஜஸ்டஸுக்கு இதைக் கொடுக்கப் போவதில்லை. பழைய நாலையும் வைத்துக்கொண்டு புது நாலு. புது ராணி, சாதுவான கூட்டம், அவனுக்கும் நல்லதுதான். மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன், ஈயைப் பற்றி ஒன்றும் தெரியாது, போனில் அவன் சொன்னதே, யூடியூப் பார்த்துப் படிச்சாச்சு அண்ணாச்சி, கொட்டினா நாம சாவ மாட்டோம், அதுதான் செத்துப்போவும், அப்படித்தானே. ஆமா என்றேன். என் கையில் போன் வழுக்கியது. ஆமா என்றேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதை நான் சட்டைப்பையில் வைத்திருப்பது போல வைத்திருக்கிறேன். எடம் எங்க, எவ்வளவு தூரம், என்று கேட்டபோது ஜஸ்டஸ், எட்டு கிலோமீட்டர் வரும் அண்ணாச்சி, பாலம் சுத்தி வரணும்லா, என்றான். பாலம் சுற்றி எட்டு. நேரே ஆற்றைத் தாண்டினால் அவன் தோட்டம் அதோ, அந்தக் கரையில் கோவில் மணி அடித்தால் இங்கே எனக்குக் கேட்கிறது. பெட்டியை அங்கே கொண்டு வைத்தால் நாளைக்குக் காலையில் மேயப் போகிற ஈ பழகின வழியைப் பிடித்து ஆற்றுக்கு மேலே இங்கேதான் வரும். வந்து பெட்டி இல்லாத கம்பிக்காலைச் சுற்றும். ஆயிரக்கணக்கில், வீடில்லாமல், எங்கே நுழையலாம் என்று ஒவ்வொரு இடுக்காகத் தேடிக்கொண்டு. சன்னல் இடுக்கு, கதவு இடுக்கு. அவன் பெட்டியை ஏற்றப் போகும்போது, அடடா, ஆத்தங்கரையா, அது சரிப்படாதுல்லா, முதல்லேயே சொல்லியிருக்கலாம்லா, என்று சொல்லிவிடலாம். பொய் இல்லை. மேபலிடமும் சொல்லலாம், உனக்குத்தான் ஆபத்து, அதனால வேண்டாம்னு விட்டுட்டேன். அதுவும் பொய் இல்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் எட்டுப் பெட்டியையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்பது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தலை பாரமாக இருக்கிறது. மேபல் உள்ளேயிருந்து, கொடிக்கயிறு எங்க வச்சியளோ, என்று கேட்டாள். ஹாலில்தானே கட்டியிருக்கு, என்றேன். அது இல்ல, நீளமா நீலக்கலர், வெளியில கெட்டினது. கோழிக்கூட்டுமேல இருக்கும் என்றேன். பழையது அறுந்துவிட்டதாக இருக்கும்.

வெளிச்சம் மஞ்சளாகிறது. வந்துசேருகிற ஈ அதிகம், போகிறது குறைவு. கம்பிவலைத் துண்டு நாலு வெட்டி வைத்திருக்கிறேன், வாசலை அடைக்க, கயிறும் நாலு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மேபல், அந்த மூலையில கருவேப்பிலை வச்சா வருமா, என்றாள். எந்த மூலை. கெணத்துப் பக்கம். வெயில் அடிக்கும், வரும், என்றேன், குழம்பு ஊற்றினாள். கிணற்றுப் பக்கம் முதல் பெட்டி நிற்கிறது. புதுப் பெட்டிகள் கோழிக்கூட்டுப் பக்கம். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, ஏழு மாதமாக இந்தப் பக்கம் பார்த்ததில்லை. இல்லை, பலகை வாசனை. ஆசாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை முன்வாசலில் நின்று பார்த்தாள், கோழிக்கூட்டுப் பக்கம் போங்க, கால்ல தட்டாதீங்க என்று சொன்னதே அவள்தான். போன வாரம் ஜஸ்டஸ் போன் பண்ணின அன்றைக்கு நான் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, அவள் முதுகைப் பார்த்து, மிச்சப் பெட்டியெல்லாம் குடுத்திரலாம்னு இருக்கேன், என்றேன். இத்தனை நாள் வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் விலை சொன்னேனே தவிர அவளிடம் ஒத்துவரல்ல என்பதற்குமேல் அதுவரை வாய்விட்டு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்பினது அப்படியே கரிந்தது, நெருப்பை அணைத்தாள், திரும்பி என்னைப் பார்த்து, உங்களுக்கு முடியுமா, என்றாள். பெட்டி தூக்குவதைக் கேட்கிறாள் என்று நினைத்தேன், போன வருஷம் இடுப்புப் பிடித்துக்கொண்டு கிடந்ததால். முடியாம என்ன, என்றேன். அவள் கரிந்த தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, எனக்கு வேறு ஊற்றினாள். முட்டை வேறு உடைத்து ஊற்றினாள். முட்டை. நான் கேட்கவில்லையே.

வண்டி ஹாரன் அடித்தது. ஜஸ்டஸ் குட்டியானையைப் பின்னால் எடுத்து மதிலோரம் விட்டிருந்தான். தடித்த ஆள், கையில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம், இது அக்காவுக்கு, என்று நீட்டினான். இருட்டட்டும், எல்லாம் உள்ள வரணும், என்றேன். இதுகளுக்கும் டூட்டி டைம் உண்டா அண்ணாச்சி, என்று சிரித்துக்கொண்டு கல்லில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வெலையப்பற்றி ஊர்ல ஒருமாதிரி சொன்னாங்க, என்றான், நான் பாத்தேன், ஒரு மனுசன் இவ்வளவு கேக்காருன்னா அவருக்கு அது அவ்வளவு பெறும். நமக்கு சாதனம் நல்லா இருந்தாப் போதும். சட்டைப்பையில் இருந்ததை எடுக்க இதுதான் நேரம். ஆத்தங்கரை என்று ஆரம்பித்தால் போதும். பெட்டி வாசல்களில் ஒன்றிரண்டு ஈக்கள்தான் இருந்தன. அவன் எழுந்து வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இதில எது மிச்சம், என்று கேட்டான்.

அப்போது உள்ளே டக் என்று ஒரு சத்தம். சன்னல் தாழ்ப்பாள். திறக்கவில்லை, இழுத்துப் பார்க்கிறாள். துரு ஏறி இறுகியிருக்கிறது. மறுபடியும் டக். தேங்காயெண்ணெய் வாடை இடுக்கு வழியாக வந்தது, அதோடு சோப்பு வாடை, நாள் முழுக்க அவள் விரிப்புகளைத்தான் துவைத்திருக்கிறாள், எல்லா விரிப்பையும். இஞ்ச பாருங்க, என்றாள் உள்ளேயிருந்து. எல்லாம் ஏத்தியாச்சா. அவசரமில்லாத குரல். பஸ்ஸில் பையை ஏற்றியாச்சா என்று கேட்பது போல. எல்லாம். மிச்சப் பெட்டியெல்லாம். நான் கூடுதலாக இருப்பதைச் சொன்னேன். அவள் பாக்கி நிற்பதெல்லாம் என்று எடுத்துக்கொண்டாள். உங்களுக்கு முடியுமா என்று கேட்டது இடுப்பை அல்ல. எந்த இடுப்பு. இது ஒரு வாரமாக அவளிடமிருந்து வந்துகொண்டிருக்கிற சத்தம், கயிறு, கருவேப்பிலை, முட்டை, நான் இந்தக் கல்லில் உட்கார்ந்து விலையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதுகூடச் சொல்லலாம். நீ தப்பா வெளங்கிட்ட மேபல், நாலுதான். உம் என்பாள். தாழ்ப்பாளை விட்டுவிட்டுப் போவாள். ஈர விரிப்பையெல்லாம் ஹாலுக்குக் கொண்டுபோவாள். அவ்வளவுதான் நடக்கும், வேறு ஒன்றும் நடக்காது, அதை நினைத்தபோது கல்லிலிருந்து எழுந்துவிட்டேன். ஜஸ்டஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டும், என்றேன். எட்டுமா, எனக்கக் கையில நாலுக்குத்தானே காசு இருக்கு. நாலுக்குப் பேசின காசு போதும், என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், கணக்குப் போட்டான் என்று நினைக்கிறேன், ஊர் விலைதான் வந்தது.

ஆத்தங்கரையில வைக்காத, என்றேன். ஏன். இதுகளுக்குப் பாலம் தெரியாது, நேரே இங்க வந்துரும். தூரத்தில எங்கயாவது ஒரு மாசம் வச்சிட்டு, பிறகு உனக்கத் தோட்டத்துக்குக் கொண்டுபோ. பேச்சிப்பாறையில மாமியா வீடு இருக்கு, என்றான். மாமியாவுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒத்துப்போவாது, எட்டுப் பெட்டியோட போனா நல்லா இருக்கும். அங்கேயே போ, இப்பவே, என்றேன். நாலு வாசலுக்கு வலை அடைத்தேன். பிறகு துண்டு இல்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஆணியில் என் முகவலை தொங்கியது, தொப்பியோடு, கறுப்பு வலை, வாய்க்கு நேரே மூச்சுப்பட்டு கொஞ்சம் வெளுத்திருக்கும். கத்தரியால் நாலாக வெட்டினேன். அண்ணாச்சிக்கு இது பிறகு வேண்டாமா, என்றான். வேண்டாம் என்றேன். மூன்றாவது பெட்டியை அடைக்கும்போது உள்ளே ஒரு இரைச்சல் எழுந்து சுவரெல்லாம் ஓடி அடங்கியது, கட்டைவிரலில் ஒன்று கொட்டியது. இது மட்டும் கொஞ்சம் முசுடு, மாமியாவ கிட்ட விடாத, என்றேன். அவன் சிரித்தான். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கினோம். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டி வளைவு திரும்பும்வரை பெட்டிகளின் சத்தம் கேட்பது போல இருந்தது, எஞ்சின்தான் அது. எட்டுக் கம்பிக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது காலின் உச்சியில் ஏதோ கறுப்பாக, கிட்டப் போனேன், பிந்தி வந்த ஈக்கள், ஒரு கைப்பிடி இருக்கும், பெட்டி இருந்த இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன. ராணி இல்லாமல் இரண்டு நாள் தாங்கும், குளிரென்றால் அதற்கும் குறைவு. கட்டைவிரல் கடுத்தது. பின்னால் தாழ்ப்பாள் விட்டது, எண்ணெய் வேலை செய்துவிட்டது, சன்னல் கதவு கொசுவலைக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் அகலம் அசைந்தது. மேபல், என்றேன். நானும் அவளை அவ்வளவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவு நின்றது. இப்ப திறக்காத, என்றேன். கொஞ்சம் மிச்சம் இருக்கு. எவ்வளவு, என்றாள். ஒரு கைப்பிடி. அந்த ஒரு விரல் இடைவெளியில் ஹால் விளக்கின் வெளிச்சம் நின்றது. பாவம், என்றாள் பிறகு. சன்னலை மெதுவாகச் சாத்தினாள்.